ஐந்தில் மூன்று

இப்போதெல்லாம் தீவைக்கூடப் புடவை எடுப்பதுபோலத்தான் எடுக்கிறார்கள்.

இது வேண்டாம். இது பரவாயில்லை. அதில் நிறம் நன்றாக இருக்கிறது, தனியாக வையுங்கள்.

அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

நாகர்கோவிலில் ஒரு மாடியறை. சுற்றுலாவுக்கு ஆள் அனுப்புகிற இடம். கடலுக்கு இங்கிருந்து அரைமணி நேரம் ஆகும். ஆனால் சுவர் முழுக்கக் கடல் ஒட்டியிருந்தார்கள். அப்படியொரு நீலத்தை ஐம்பது வருடக் கடல்தொழிலில் அவர் பார்த்ததில்லை.

பொய்யாகத்தான் இருக்கும்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் கணினித் திரையைத் திருப்பி வைத்தான். லட்சத்தீவு. கப்பலில் ஐந்து நாள். ஐந்து தீவுகள் இருக்கின்றன, மூன்றை நீங்களே எடுத்துக்கொள்ளலாம் என்றான்.

மருமகள் ஷைனி இரண்டை எடுத்துவிட்டாள். ஒன்றில் கண்ணாடி அடிப்பாகம் வைத்த படகு. இன்னொன்றில் தென்னைக்கு நடுவே கட்டில் போட்டிருந்தார்கள்.

மகன் பிரிட்டோ அலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதுவானாலும் சரி என்றிருந்தான்.

அவர் எதற்கும் வருகிற ஆளில்லை. பேரனின் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கே போனதில்லை. லட்சத்தீவு என்று சொன்னதும் சரி என்றார். ஷைனி அதை ஒரு வாரமாக எல்லோரிடமும் சொல்லி ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தாள்.

எட்டு வருடம் முன்பு, கார்த்திகைப் புயலுக்கு இரண்டு நாள் முன்னால், மூத்தவன் கிளீட்டஸ் நான்கு பேரோடு கடலுக்குப் போனான்.

போனான். அவ்வளவுதான் தெரியும்.

கடற்கரையில் ஊரார் ஒரு கல் வைத்திருக்கிறார்கள். திரும்பாதவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. கிளீட்டஸோடு போன நான்கு பேரும் இருக்கிறார்கள்.

கிளீட்டஸ் இல்லை. அவர் அந்தப் பெயரை வெட்ட விடவில்லை.

பங்குச்சாமியார் மூன்று முறை வீட்டுக்கு வந்து பேசினார். நான்காம் முறை வந்தபோது அவர் கதவைத் திறக்கவில்லை.

அந்தப் புயலில் பக்கத்து ஊர்ப் படகு ஒன்று மினிக்காய்த் தீவில் போய் ஒதுங்கியது. அதிலிருந்தவர்கள் வந்து சொன்னார்கள். அவர் யார் சொல்லையும் நம்புகிறவரில்லை. இதை மட்டும் நம்பினார்.

திரையில் இருந்த வரைபடத்தின் பெயர்களை எழுத்துக் கூட்டி வாசிக்க அவருக்கு வராது. தேவையும் இல்லை. மற்ற தீவுகள் மேலே கூட்டமாகக் கிடந்தன. மினிக்காய் கீழே, தனியாக.

விரலை வைத்தார்.

மேசைக்காரன் ஒரு துணியை எடுத்து அந்த இடத்தைத் துடைத்தான்.

அது தூரம் என்றான். இன்னும் ஒரு ராத்திரி முழுக்கக் கப்பல் ஓட வேண்டும், ஆட்டம் இருக்கும். போனாலும் பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது, ஒரு கலங்கரை விளக்கம்தான்.

ஷைனி சிரித்தாள்.

"மாமா, லைட்ஹவுஸ் பாக்கதுக்கு முட்டத்துக்குப் போனா போதாதா?"

மேசைக்காரனும் சிரித்தான்.

அவர் விரலை எடுக்கவில்லை. நீங்கள் எதை வேண்டுமானாலும் பாருங்கள், எனக்கு இது ஒன்று போதும் என்றார். அதில் இறக்கிவிட்டுவிட்டு நீங்கள் சுற்றிக்கொண்டு வந்தாலும் சரிதான் என்றார்.

அப்போதுதான் பிரிட்டோ அலைபேசியைக் கவிழ்த்து வைத்தான்.

"மினிக்காயில அவன் இல்லப்பா."



பிரிட்டோ கொச்சியில் கம்பி கட்டுகிற வேலை என்று சொல்லிவிட்டுப் போனானே, நான்கு வருடம் முன்பு. அப்போது கொச்சியில் இருக்கவில்லையாம். ஆள் வசிக்கிற தீவு ஒன்று பாக்கியில்லாமல் ஏறி இறங்கினானாம். மினிக்காயில் மட்டும் பதினோரு நாள். கையில் கிளீட்டஸின் கல்யாணப் படம். பெண்ணைப் பின்னால் மடித்துவிட்டு அவனை மட்டும் காட்டினானாம். வீடு வீடாக. பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் சொன்னார்களாம்.

பிரிட்டோ இதையெல்லாம் மேசையைப் பார்த்துச் சொன்னான்.

ஷைனிக்கும் தெரிந்திருக்கவில்லை. சிரித்த வாயை மூட மறந்திருந்தாள்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கால்விரல்கள் குளிர்ந்திருந்தன. அவ்வளவுதான். இந்த ஏசியை எதற்கு இப்படி வைக்கிறார்கள் என்று நினைத்தார்.

பிறகு கேட்டார்.

"எந்த மாசம்லே போன?"

பிரிட்டோவுக்குப் புரியவில்லை. யோசித்தான்.

"மே மாசம்ப்பா."

அவர் எழுந்தார். வேட்டியை இழுத்துக் கட்டினார்.

"நீவாடு கெழக்கோட்டு திரும்புன பெறவு போயிருக்க."

கார்த்திகையில் மேற்கே இழுக்கிற நீரோட்டம் மே மாதத்தில் கிழக்கே திரும்பிவிடும். கடற்கரையில் பிறந்தவன் எவனுக்கும் இது தெரியும். தெரியாதவனைப் பார்ப்பதுபோல மகனைப் பார்த்தார்.

பிரிட்டோ வாயைத் திறந்தான். கரையேறிய மனிதனை நீரோட்டம் என்ன செய்யும் என்று கேட்டிருக்கலாம்.

கேட்கவில்லை.

அப்படியானால் எந்த மூன்று என்றான் மேசைக்காரன்.

அவர் வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். படி இறங்கினார். மேலிருந்து பிரிட்டோ கூப்பிட்டான், காரை எடுக்கிறேன், நில்லுங்கள் என்று.

நிற்கவில்லை.

ஊருக்குப் போகிற பஸ் எங்கே நிற்கும் என்று தெரியவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை.

சொன்னால் மட்டும் சரியாகச் சொல்லிவிடுவார்களா என்ன.