இன்னும் ஒரே ஓர் இடம்

"மியூசியம் வேணாம்ப்பா, ஓட்டலுக்கு விடு. தலைவலின்னு ரூம்ல படுத்த வீட்டுக்காரி போனையும் எடுக்க மாட்டேங்கறா," என்றார் மாநாட்டுக்கு வந்திருந்த பேராசிரியர்.

"தூங்குவாங்க சார். இவ்வளவு தூரம் வந்துட்டு இதைப் பாக்காம போலாமா?" என்று வழிகாட்டி காரைத் திருப்பினான்.

மதியத்திலிருந்து இது நாலாவது இடம்.

"கமிஷனுக்கு அலையுறியா? விட்டா ஊர்ல இருக்கற கல்லையெல்லாம் காட்டுவ போல!"

அவன் சிரித்துச் சமாளித்தான்.

மியூசிய வாசலில் அவனுக்கு மாநாட்டு அலுவலகத்திலிருந்து போன் வந்தது.

"சாரோட மச்சான் வந்து இறங்கிட்டார். அந்தம்மா இறந்த விஷயத்தை அவரே பக்குவமா சொல்லிக்கிறாராம். இனி நீங்க கூட்டிட்டு வரலாம்."

வழிகாட்டி பேராசிரியரிடம் போய், "ஓட்டலுக்கே போயிடலாம் சார்," என்றான்.

"இப்பவாவது மனசு வந்துச்சே!" என்று அவர் முந்திக்கொண்டு காரில் ஏறினார்.