ஆமைகளுக்குப் போட்ட கீரை

மூட்டை இறக்கிய இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. அந்த வலியோடுதான் அவர் மாடிக்குக் குடம் தூக்கிப் போய், கீரைத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். மகள் போனில் அழைத்தாள்.

“என் ஆமைங்க சாப்பிட்டுச்சாப்பா?”

“வெளுத்துக்கட்டுதுங்கம்மா. ஒரு தொட்டி மொட்டை!”

“பூச்சிமருந்து கிருந்து அடிச்சிடாதீங்க.”

“போடி, எனக்குத் தெரியாதா?”

“சரிப்பா, அடுத்த வாரம் பேசறேன்.”

அப்பா சாப்பிட்டாரா என்று கேட்கவில்லை. கல்யாணமாகிப் போனதிலிருந்து ஆமைகளை விசாரிக்கத்தான் அவள் அழைக்கிறாள்.

தொட்டி மொட்டையானது நிஜம்தான். தின்றது அவர். இன்றைக்கும் ஒரு கை கிள்ளி வேகவைத்து, ஒற்றை ஆளாக உட்கார்ந்து சாப்பிட்டார். ஆமைகள் இரண்டும் போன மழையிலேயே செத்துவிட்டன. சொல்லிவிட்டால் அடுத்த வாரம் போன் வராது. செத்த சேதியை மகளிடம் சொல்லும் கடன் இன்னும் பாக்கி நிற்கிறது.