நாலு மணிக்கு இன்னொரு இடம்

"நாலு மணிக்கு இன்னொரு இடத்துல இருந்து பொண்ணு பாக்க வாராங்க. அதுக்குள்ள நாம பேசி முடிச்சிருவோம் தம்பி" என்றார் தங்கமுத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

கேசரியை வாயருகே கொண்டுபோன பிராங்கிளின் கரண்டியை அப்படியே நிறுத்தினான். சர்வதேச நீச்சல் லீக்கில் மோதும் பாங்காக் ஷார்க்ஸ் அணியின் மேனேஜர் அவன். தங்கமுத்துவின் மகள் பவித்ராவை அணிக்கு எடுப்பதற்காகவே சென்னையிலிருந்து திண்டுக்கல்லுக்கு வந்திருந்தான்.

"இருபத்தோரு வயசுதானே சார் ஆகுது?"

"வயசைத்தான் அவங்களும் மொதல்ல கேட்டாங்க. தோஹாவுல இருக்காங்க. நல்ல இடம். ஜாதகம் அது இதுன்னு ஒண்ணும் கேக்கலை. பொண்ணோட வீடியோவைப் பாத்தாங்க, புடிச்சுப்போச்சு."

சமையலறை வாசலில் நின்ற பவித்ராவுக்குக் கண்ணைக் கரித்தது. பாங்காக் அணியில் நீந்தவேண்டும் என்பது அவள் ராப்பகல் கனவு. அது கைக்கெட்டும் நேரத்தில் இந்த தோஹா எங்கிருந்து வந்து தொலைந்தது? அப்பா 'தோஹா' என்று சொன்ன அன்றைக்கே அம்மா அய்யம்மாள் ரவையும் முந்திரியும் வாங்கிவிட்டாள். இன்று அவளைச் சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலையையும் கட்டவைத்துவிட்டாள். "எனக்கு இப்ப வேணாம்ப்பா" என்று பவித்ரா அழுதே பார்த்தாள். "வந்து பாத்துட்டுப் போகட்டுமே தாயி, பாத்தா என்ன கொறஞ்சா போயிருவ?" என்று கடைக்குக் கிளம்பிவிட்டார் மனுஷர்.

"சொல்லுங்க தம்பி. உங்க டீம்ல எம்மகளுக்கு என்ன வேலை?"

"இந்த சீசன் ரிசர்வ்ல இருக்கட்டும் சார். யாருக்காவது உடம்பு முடியலைன்னா எறக்குவோம்."

"அதாவது, பெஞ்சுல உக்காந்து கை தட்டணும்."

"அப்படி இல்ல சார், பெரிய ஆளுங்களைப் பாத்துக் கத்துக்கலாம்..."

"கை தட்டுறதுக்கு எதுக்குத் தம்பி பாங்காக்? இங்கனயே டிவி இருக்கே."

பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவர் தங்கமுத்து. விடியுமுன் எழுந்து, கொட்டாவி விடுகிற வியாபாரியைக்கூட விலை ஏற்றிக் கேட்கவைத்துப் பழகியவர்.

"மல்லி மொட்டா இருக்கையிலயே வண்டி ஏறணும் தம்பி. விரிஞ்சப்புறம் யாரு வாங்குவா? நீச்சலும் அந்தக் கதைதான்."

"நான் என்ன மல்லியாப்பா?" என்றாள் பவித்ரா வாசலிலிருந்து.

"நீ செத்த நேரம் சும்மா இரு தாயி."

பிராங்கிளின் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "சரி சார். பட்டர்ஃபிளை நீச்சல்ல ஒரு போட்டி விட்டு ஒரு போட்டி எறக்குறேன்."

தங்கமுத்து உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "அய்யம்மா, வர்றவங்களுக்குக் காப்பிக்குப் பால் இருக்கா?"

"எல்லாப் போட்டியும் சார்" என்றான் பிராங்கிளின் அவசரமாக.

"ரிலே?"

"அதுல அமெரிக்காக்காரப் பொண்ணு இருக்கு சார்."

"அய்யம்மா, புள்ளைக்குத் தலையில பூ வச்சுவிட்டியா?"

"ரிலேயும் சார்."

"இவளோட கோச் மரியசெல்வி டீச்சரும் கூட வரணும்."

"எங்ககிட்ட ஆஸ்திரேலியாக் கோச் இருக்கார் சார், உலகத்துலயே..."

"இருக்கட்டும். அவருக்குத் தமிழ்ல திட்டத் தெரியுமா? திட்டினாத்தான் இவளுக்கு வேகம் வரும்."

அப்பாவின் கணக்கு பவித்ராவுக்குப் புரிந்துபோயிற்று. நடக்காததையெல்லாம் கேட்டு, வந்தவன் தானாகவே ஓடட்டும் என்று பார்க்கிறார். அப்புறம் 'நானா வேணாம்னேன்?' என்று கையை விரித்துவிட்டு, தோஹாக்காரனுக்குக் கட்டிவைத்துவிடுவார்.

பிராங்கிளின் வெளியே போய் பாங்காக்கோடு போனில் பேசினான். கெஞ்சினான், அதட்டினான், மறுபடி கெஞ்சினான். கடைசியில் உள்ளே வந்து ஒப்பந்தத்தை எடுத்து, பேனாவாலேயே அடித்துத் திருத்தினான். "பட்டர்ஃபிளை எல்லாப் போட்டியும். ரிலே. கூடவே டீச்சர். இப்பத் திருப்தியா சார்?"

"படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடு தாயி" என்றார் தங்கமுத்து.

எங்கே மனசு மாறிவிடுவாரோ என்று முக்கால்வாசியைப் படிக்காமலே பவித்ரா கையெழுத்துப் போட்டாள்.

"இனிமே இந்த சீசன் முடியுறவரைக்கும் கல்யாணப் பேச்சே எடுக்கக்கூடாது சார்" என்றான் பிராங்கிளின், தாளை மடித்துப் பையில் பத்திரப்படுத்தியபடி.

"நான் எங்க தம்பி எடுத்தேன்?"

வாசலில் கார் வந்து நின்றது. அய்யம்மாள் ஜன்னலுக்கு ஓடினாள். நெடுநெடுவென்று ஒருவன் இறங்குவது தெரிந்தது.

"ஏங்க, மாப்பிள்ளை நல்லா வாட்டசாட்டமா இருக்காரே. இப்படிப் பண்ணிப்புட்டீகளே."

"அப்பா, பாவம்ப்பா. அவரை என்ன சொல்லித் திருப்பி அனுப்புவீங்க?" இப்போது பவித்ராவுக்கே அந்தப் பிள்ளைமேல் இரக்கம் வந்துவிட்டது.

"காப்பி குடுப்போம்" என்றார் தங்கமுத்து.

தோற்றுப்போன மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டே போகலாம் என்று சிரித்துக்கொண்டு வாசலுக்குப் போன பிராங்கிளின், நிலைப்படியிலேயே நின்றுவிட்டான்.

"ரிஃபாத்... நீயா?"

வந்தவனுடைய நீலச் சட்டையின் மார்பில் 'தோஹா டால்பின்ஸ் நீச்சல் அணி – மேனேஜர்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

"உள்ள வாங்க தம்பி" என்றார் தங்கமுத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு. "இந்த சீசனுக்கு இப்பத்தான் முடிஞ்சுது, அடுத்த சீசனுக்குப் பேசுவோம்."