காயாத கவுன்

நீதிமன்றப் புறக்கணிப்பு என்றால் காலையிலேயே வக்கீல்கள் கறுப்பு கவுனைக் கழற்றிச் சங்க அறை ஆணியில் மாட்டிவிட வேண்டும். அப்படியும் எவனோ ஒருவன் கவுனை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குள் புகுந்து வாதாடி ஜாமீன் வாங்கிவிட்டான். சங்கச் செயலாளர் தெய்வசிகாமணி கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு கவுனின் கழுத்தாகத் தடவிக்கொண்டே போனார். வாதாடியவனுக்கு வியர்க்காமலா இருந்திருக்கும்? கூடியிருந்த வக்கீல்களில் யார் எச்சில் விழுங்குகிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். எல்லாம் காய்ந்து கிடந்தன.

“உங்களோடது மட்டும் பாக்கி சார்,” என்றார் சங்கத் தலைவர் அருமைநாயகம்.

“அதுக்கென்ன, பாத்துட்டாப் போச்சு.” சிரித்துக்கொண்டே தன் கவுனைத் தொட்டார். கழுத்து சொதசொதவென்று நனைந்திருந்தது. கவுனை ஆணியில் மாட்டிவிட்டு, காலையிலிருந்து வெறும் சட்டையோடு வாசலில் நின்று கோஷம் போட்டவர் அவர்.

திரும்பினார். ஒருவரும் கவுனைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.