சிவப்பு அடிபம்பு

பால் காய்ச்சினேன். ஷூவைத் துடைத்தேன். நேற்றைய சோற்றில் தயிர் ஊற்றிப் பிசைந்து டிபன் பாக்ஸில் அடைத்தேன். ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

ஓசூர் போகும் கம்பெனி பஸ் குந்தாரப்பள்ளி கூட்ரோட்டுக்கு வரும் நேரம்.

கதவைத் திறந்தால் ருக்மணியின் பிள்ளைகள் நின்றார்கள்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இவர்கள் அவள் பாடம் எடுத்த எட்டாம் வகுப்பு.

எனக்கு வாரத்தில் ஒரு நாள்தான் லீவு. அந்த ஞாயிற்றுக்கிழமையையும் இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஊரில் உள்ள அடிபம்புகளின் தண்ணீரைப் பிடித்துச் சோதிப்பது இவர்களுடைய திட்டம். எந்தத் தெரு, எந்த பம்பு, எல்லாம் இவர்களே முடிவு செய்வார்கள். அவள் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பாள்.

என் பின்னால் அவள் அப்படி நடந்ததில்லை.

மாரியம்மன் கோயில் பம்பில்தான் ஃப்ளோரைடு அதிகம். இவர்களில் ஒருவனான திம்மராயனின் பற்கள் காவியேறிப் போனது அந்தத் தண்ணீரால்தான். யாரும் அதைக் குடிக்கக் கூடாது என்று கை தூக்கி ஓட்டெடுத்து, பம்புக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்தார்கள்.

கோயில் வாசலில் சிவப்பு. மறுநாளே பெண்கள் அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பூச்சரம் சுற்றிவிட்டார்கள். அதுவரை வேறு பம்புக்குப் போனவர்களும் குடத்தோடு இங்கே வந்தார்கள்.

ருக்மணி அப்போது பெங்களூரில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிள்ளைகள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டு இதைச் சொன்னார்கள். என் செல்போனை நான்தான் அவள் காதில் பிடித்திருந்தேன். என்னிடம் இரண்டு வார்த்தை பேச மூச்சு இல்லாதவள், அவர்கள் சொன்னதைக் கேட்டுச் சிரித்தாள்.

மறுநாள் அவள் இல்லை.

"சார், டீச்சர் போன்ல சிரிச்சாங்களே, அப்புறம் உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாங்களா? அந்த பம்ப என்ன பண்றதுன்னு?" வாசலில் நின்ற சௌமியா கேட்டாள். கூட்டத்துக்குத் தலைவி அவள்தான்.

"இல்லை" என்றேன்.

எங்கள் கம்பெனி ஆசிட் தொட்டியில் மண்டை ஓடு வரைந்த பலகை உண்டு. அதைத் தாண்டி எவனும் கை வைக்க மாட்டான். ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவர்கள் முகம் வாடியது எனக்குப் பிடித்திருந்தது.

"பேசாம வேப்பிலையும் கட்டிடலாம்டி. ஆடி மாசம் கூழ் ஊத்துவாங்க" என்று திம்மராயன் இளித்தான்.

"பல்லக் காட்டாதடா." அவன் தலையில் தட்டப் போன சௌமியாவின் கை நின்றது. "டேய், இன்னொருவாட்டி காட்டு."

காட்டினான்.

"இந்தப் பல்லையே பம்பு மேல பெருசா வரைஞ்சா?"

"எம் பல்லையா? எங்கம்மா பாத்தா கொன்னுடும்!"

"தண்ணி எடுக்கற அம்மாவுங்கள்லாம் பாக்கட்டும். வாடா."

ஓடினார்கள். ஒருவரும் என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. அவர்களில் யாரோ சிரிப்பது தெருமுனை வரை கேட்டது. பூட்டை எடுக்க உள்ளே திரும்பினேன்.

கடைசியாக உன் பேரைத்தான் சொல்லியிருப்பாள் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். நான் மறுப்பதில்லை.

அன்று போனை வைத்த பிறகு அவள் உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன். இது எனக்கு மட்டும் என்று நினைத்தேன்.

"கேக்க வருவாங்க. நீங்க எதுவும் சொல்லிக் குடுத்துடாதீங்க. அவங்களே கண்டுபிடிப்பாங்க."