கேரட்டிக்கு எத்தனையாவது இடம்?

"கேரட்டியைப் பத்தாவது இடத்துலதான் போடப் போறேன்" என்றார் பத்திரிகைக்காரர் ஹேனிகன், முகம் நிறையச் சோப்பு நுரையோடு. பழைய ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன்களை வரிசைப்படுத்தும் அவருடைய கட்டுரை நாளை அச்சுக்குப் போகிறது.

கறுப்பின நாவிதர் டாலிவர் சவரக்கத்தியைத் தோல்வாரில் தீட்டினார். "முதலிடம் குடுங்க சார்."

"கறுப்பருங்களோட மோத மாட்டேன்னு சொன்ன ஆளுய்யா! அவனுக்குப் போய் நீ பரிஞ்சு பேசுறியே?"

"ஆரம்பத்துல ரெண்டு கறுப்பருங்களோட மோதி ஜெயிச்சாரே?"

"அப்புறம் ஏன் திடீர்னு நிறம் பார்த்தான்?"

"பால்டிமோர்ல ஒரு கறுப்பர் பயிற்சி எடுக்கிறதை ஜன்னல் வழியாக் கால் மணி நேரம் பாத்தாரு. மறுநாளே அப்படி அறிவிச்சிட்டாரு."

ஹேனிகனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது எந்தப் பேப்பரிலும் வராத செய்தி.

"உனக்கு யாருய்யா சொன்னா?"

டாலிவர் அவர் தாடையை ஒற்றை விரலால் நிமிர்த்தினார்.

"ஜன்னலுக்கு உள்ள இருந்தவன் நான்தான் சார். பதினோரு தடவை சவால் விட்டேன், மனுஷன் வரவே இல்லை. அவரை விட்டா என்னைச் சரியா எடை போட்ட வெள்ளைக்காரர் யாரு? முதலிடம்னே எழுதுங்க. இப்ப ஆடாதீங்க, கத்தி பட்டுரும்."