நேரடி ஒளிபரப்பு

காரேஜ் கதவுப் பூட்டின் எண்ணை வெண்டல் இன்னும் மாற்றியிருக்கவில்லை. விவாகரத்துக்குப் பிறகும் அதே எண். இவளாவது, திருட வருவதாவது என்ற நினைப்பாக இருக்கும். அந்த அலட்சியமே டோரீனுக்குக் கூடுதல் தைரியம் கொடுத்தது.

கையுறை மாட்டிக்கொண்டு நிலவறைக்கு இறங்கினாள். பாத்திரம் கழுவுகிற மஞ்சள் ரப்பர் கையுறை. திருடப் போகிறவள் கொஞ்சம் கௌரவமான கையுறையாக வாங்கியிருக்கலாம். பல் டாக்டரின் வரவேற்பறையிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவளுக்குக் கற்பனை இவ்வளவுதான் ஓடியது.

டிவிக்குப் பக்கத்து அலமாரியில், கண்ணாடிப் பெட்டிக்குள், அந்த பேஸ்பால் பந்து.

ஆட்டத்தில் கூட்டத்துக்குள் பறந்து வரும் பந்து, பிடித்தவருக்கே சொந்தம்; அன்று அதை வெறுங்கையால் பிடித்தவள் டோரீன்தான். சுண்டுவிரல் ஒடிந்தது. வலி தாங்காமல் அவள் குனிந்த நேரத்தில், பக்கத்தில் இருந்த வெண்டல் பந்தை வாங்கி உயரத் தூக்கிக் காட்டினான். அவள் பிடித்த அந்த நொடியில் டிவிக்காரர்கள் எதைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்? ஐஸ்கிரீமை முகமெல்லாம் பூசிக்கொண்ட ஒரு குழந்தையை. கேமரா திரும்பி வந்தபோது பந்து வெண்டலின் கையில். சின்சினாட்டி முழுக்க அதைத்தான் பார்த்தது. விவாகரத்து வழக்கில் நீதிபதியே, "நானே டிவில பாத்தேனேம்மா" என்றுவிட்டார். கோணிப்போன சுண்டுவிரலை யாரும் சாட்சியாக ஏற்கவில்லை.

டிவியைப் போட்டாள். ஆட்டத்தைப் பார்க்க அல்ல, வெண்டலைப் பார்க்க.

மட்டையாளருக்கு நேர் பின்னால், முதல் வரிசையில் அவனுக்கு சீசன் டிக்கெட். ஒவ்வொரு பந்துக்கும் கேமராவில் விழ வேண்டும் என்பதற்காகவே ஆரஞ்சு நிறத் தொப்பி போட்டுக்கொள்வான். மைதானம் அங்கே ஆற்றங்கரையில்; வீடு ஊருக்கு வெளியே. தொப்பி திரையில் தெரிகிறவரை கவலையில்லை. வேறு எந்தத் திருடிக்கு இப்படி ஒரு காவல் வாய்க்கும்?

தொப்பி இருந்தது. வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தது.

வர்ணனையாளர்கள் வாயைத் திறந்ததுமே, வழக்கம்போல், சத்தத்தை அடைத்தாள். பந்தைத் தவிர உலகத்தில் மற்ற எல்லாவற்றையும் பேசுவார்கள். திரையின் ஓரங்களில் பந்தயக் கணக்கும் காப்பீட்டு விளம்பரமும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த எழுத்துகள் பக்கமே போகாதபடி கண்ணைப் பழக்கி வைத்திருந்தாள்.

பெட்டியின் திருகாணிகளைக் கழற்றி முடித்தபோது டென்வரிலிருந்து தங்கை லாரல் ஃபோன் செய்தாள். திட்டத்தில் பாதி அவளுடையது.

"கிடைச்சுதா?"

"கைலயே இருக்கு."

"அப்புறம் இன்னும் அங்க என்னடி பண்ற? கிளம்பு!"

"ஸ்கோர் சமமா இருக்கு, லாரல்."

"டோரீன், நீ திருட வந்திருக்கே!"

"தெரியும். இந்த வருஷம் ஒரு ஆட்டம்கூட கண்ணால பாக்கலை. சேனல்காரனுக்கும் கேபிள்காரனுக்கும் சண்டை. சரின்னு ஃபோன்ல காசு கட்டினா, உள்ளூர்க்காரங்களுக்கு உள்ளூர் ஆட்டம் கிடையாதுங்கறான். டென்வர்ல இருக்கற நீ பாக்கலாம், இங்க இருக்கற நான் பாக்கக் கூடாது! ரேடியோவ கேட்டுக்கிட்டே இஸ்திரி போட்டு ரெண்டு சட்டை கருகினதுதான் மிச்சம்."

"சரி, வெண்டல் எங்க?"

"கடலை தின்னுட்டு இருக்கான். இரு, இரு... இப்போ அந்த இடதுபக்கத்துப் பையன் கேட்ச்சை விடுவான் பாரு... விட்டுட்டான்!"

"அதெப்படிடி உனக்கு முன்னாடியே தெரிஞ்சுது?"

"முப்பது வருஷ அனுபவம்."

"அதைப் புருஷனைத் தேடறப்போ காட்டியிருக்கலாம்" என்று லாரல் ஃபோனை வைத்தாள்.

டோரீன் சோபாவில் சாய்ந்தாள். இந்த இன்னிங்ஸ் மட்டும். அடுத்து வந்தவன் மூன்று பந்திலும் ஏமாந்து திரும்புவான் என்று நினைத்தாள், திரும்பினான். தன்னை எந்த டிவியாவது வர்ணனைக்குக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று பட்டது. ரப்பர் கையுறை போட்ட நிபுணர்.

கையுறையைக் கழற்றி, பந்தை வெறும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். கையில் வந்தால் மனம் ஆறிவிடும் என்று எண்ணியிருந்தாள். ஆறவில்லை. இப்போதும் யாரும் பார்க்கவில்லையே என்றுதான் இருந்தது. பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று ஏங்குகிற திருடி, உலகத்திலேயே தான் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ். ஜன்னல் இல்லாத அந்த நிலவறையில், திரையின் வெளிச்சத்தில், அவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். தொப்பி அதன் இடத்தில் பத்திரமாக இருந்தது.

"டோரீன்?"

குரல் பின்னாலிருந்து வந்தது. திரும்பினாள். படிக்கட்டில் வெண்டல். ஆரஞ்சுத் தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சட்டென்று திரையைப் பார்த்தாள். அங்கேயும் வெண்டல், காய்ந்த தொப்பியோடு, கடலை உரித்துக்கொண்டிருந்தான்.

அவன் காலியான பெட்டியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு டிவியைப் பார்த்தான்.

"இன்னிக்கு ஆட்டத்த மழைன்னு மூணாவது இன்னிங்ஸ்லயே நிறுத்திட்டாங்க. டிவில ஓடறது மே மாசத்து ஆட்டம், தோத்துடுவோம்" என்ற வெண்டல், அந்தப் பந்தை இரண்டாவது முறையாக அவள் கையிலிருந்து எடுத்துக்கொண்டான்.